ரஞ்சனியின் வேகம்

இன்னும் நடக்காத ஒன்றைத் திரையில் நடத்திக் காட்டி, நடந்துகொண்டிருக்கிற ஒன்றை மாற்றச் சொல்வது எங்கள் தொழில். கொழும்பில் இருந்துகொண்டு வெளிநாட்டுக் கம்பனிகளின் கந்தோர் வேலையைச் செய்துகொடுக்கிற நிறுவனம் ஒன்றில் நான் அதைச் செய்தேன். ஒரு மேசைக்கு எவ்வளவு வேலை வருகிறது, ஒன்றை முடிக்க எவ்வளவு நேரம் பிடிக்கிறது, யார் எப்போது எழும்புகிறார்கள் என்பதையெல்லாம் கணினிக்குக் கொடுத்தால், அந்த மேசை அதற்குள் இன்னொரு முறை உருவாகும். வேலைகள் சிவப்புப் புள்ளிகளாக வந்து வரிசையில் நிற்கும். ஆட்கள் நீலப் புள்ளிகளாக இருந்து அவற்றை ஒவ்வொன்றாக எடுப்பார்கள். இரண்டு நீலப் புள்ளிகளை அகற்றினால் வரிசை எவ்வளவு நீளும் என்று, உண்மையில் ஒருவரையும் கதிரையிலிருந்து எழுப்பாமல் பார்த்துக்கொள்ளலாம். இதற்கு சிமியுலேஷன் என்று பெயர். எங்கள் கந்தோரில் மொடல் என்பார்கள்.

நீங்களும் எங்காவது ஒரு கதிரையில் இருந்து வேலை செய்திருப்பீர்கள். ஒருநாள் உங்கள் முதுகுக்குப் பின்னால் யாரோ புதிய ஆள் ஒருவர் வந்து நின்று, ஒன்றும் பேசாமல் பார்த்துவிட்டுப் போயிருப்பார். அவரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஆள் நான்தான். அவர் படுகிற பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

வாடகை அறை

வேலை கிடைத்ததும் வெள்ளவத்தையில், கடற்கரைக்குப் போகிற ஒழுங்கை ஒன்றில், அறை பார்க்கப் போனேன். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற இரசாயன ஆசிரியர். ஊரில் எந்த இடம், எந்தப் பள்ளிக்கூடம், அப்பா என்ன செய்தவர் என்று ஒழுங்காகக் கேட்டுக்கொண்டு வந்தவர், என்ன வேலை என்ற இடத்தில் தட்டுப்பட்டு நின்றுவிட்டார். ஆட்கள் எப்போது வருகிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள், எதற்காக எழும்பிப் போகிறார்கள் என்று பார்க்கிற வேலை என்றேன். தேத்தண்ணீர் கொண்டுவந்த அவருடைய மனைவி கோப்பையை என்னிடம் நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

நான் பார்க்கிறது கணினிக்குள் இருக்கிற ஆட்களைத்தான், அவர்கள் உண்மையான ஆட்களில்லை என்று விளங்கப்படுத்தினேன். அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. ஆசிரியர் கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “பொலிஸ் எண்டால் நேராச் சொல்லும் தம்பி. வாடகைக்கு ஆள் வந்திருக்கெண்டு ஸ்டேஷனுக்குப் போய்ப் பதியிற அலைச்சலாவது எனக்கு மிச்சம்.”

பின்னால் நிற்பது

எனக்குக் கிடைத்த மேசை, அவுஸ்திரேலியப் பயணக் காப்புறுதிக் கம்பனி ஒன்றினுடையது. பெட்டி தொலைத்தவர்கள், விமானம் பிந்தியவர்கள், பாலித் தீவில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவர்கள் எல்லாரும் நட்டஈடு கேட்டு அனுப்புகிற விண்ணப்பங்களைப் பார்த்து முடிவு சொல்வது வேலை. மொத்தம் ஆறு கதிரைகள். ஒப்பந்தம் புதுப்பிக்கிற காலம் அது. வாடிக்கையாளர் செலவைக் குறைக்கச் சொல்கிறார், நாலு கதிரை போதும் என்று மொடல் காட்டினால் எல்லாருக்கும் நல்லது என்று மனேஜர் திலக் முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார். அந்த எல்லாரும் யார் யார் என்று நான் கேட்கவில்லை. மேசைக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை. மேசைக்குத் தெரிந்திருந்தது.

நேரம் குறிப்பதற்காக நான் போய்ப் பின்னால் நின்றால் ஆறு முதுகுகளும் நிமிர்ந்துவிடும். ஒருவர் காப்புறுதி நிபந்தனைகளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உதடசைத்து வாசித்தார். ஒரு பிள்ளை ஒரே பற்றுச்சீட்டைத் திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தாள். தேத்தண்ணீருக்கு ஒருவரும் எழும்பவில்லை. சிவனே என்று இருந்த ஒரு சிறிய விண்ணப்பம், நீதிமன்ற வழக்குப் போல இழுபட்டது. கடைசியில் ஓரக் கதிரையிலிருந்த ரஞ்சனி திரும்பினாள். ஜிந்துப்பிட்டியிலிருந்து விடிய முன்னம் புறப்பட்டு இரண்டு பஸ் மாறி வருகிறவள். மேசையில் அவள்தான் பழைய ஆள். சொன்னாள்: “அண்ணே, நீங்க நிக்கிற வரைக்கும் நாங்க ரூல்ஸ்படிதான் செய்வோம். வேலை முடியணும்னா நீங்க போயிருங்க.”

புள்ளியின் தொழுகை

நான் நின்று பார்த்த நேரங்களைப் போட்டு ஓட்டியபோது, ஆறு கதிரையும் போதாது, இன்னும் ஆட்கள் வேண்டும் என்று மொடல் சொன்னது. திலக் அதைப் பார்த்துவிட்டு, மெஷினுக்கும் ஆறு பேரும் வடை வாங்கிக் கொடுத்துவிட்டார்களா என்று கேட்டார். மேசைக்கும் காட்டினேன். எல்லாரும் என் திரையைச் சுற்றி நின்று தங்கள் புள்ளியைத் தேடினார்கள். ரஞ்சனிக்குப் பக்கத்துக் கதிரையில் இருக்கிற நிஸ்மியா, கொட்டாஞ்சேனைப் பெண், தன்னுடைய புள்ளியைக் கண்டுபிடித்து வெகுநேரம் பார்த்தாள். அது ஒருமுறைகூட எழும்பவில்லையே, பாவம், அதற்குப் பசிக்காதா என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. அன்றிரவே என்று சொல்லமாட்டேன், அடுத்த நாள் காலையில் உட்கார்ந்து, ஒவ்வொரு புள்ளிக்கும் சாப்பாட்டு நேரமும் தேத்தண்ணீரும் கொடுத்தேன். நிஸ்மியாவின் புள்ளிக்கு லுஹர் தொழுகைக்குப் போய்வரவும் நேரம் வைத்தேன். மத்தியானத்தில் அது கதிரையை விட்டு எழும்பி ஒரு மூலைக்குப் போய், திரும்பி வந்து இருந்தது. எனக்கே அதில் ஒரு பெருமை. கூப்பிட்டுக் காட்டினேன். அவள் முகத்தில் நான் எதிர்பார்த்தது வரவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு, அண்ணனை நானா என்று கூப்பிடுகிற தன் வீட்டு வழக்கப்படி, மெல்லக் கேட்டாள்: “நானா, புள்ளி தொழப் போறதும் மேல ரிப்போட்டுல போகுமா?”

சிறந்த ஆள்

நின்று பார்ப்பதை விட்டேன். ஒவ்வொருவரும் தன் பெயரில் லொக்-இன் பண்ணித்தான் விண்ணப்பங்களைத் திறக்க வேண்டும். எது எப்போது திறந்தது, எப்போது முடிந்தது என்று கணினி தானே வைத்திருக்கும். அதை எடுத்துப் பார்த்தேன். ஐந்து பேர் ஏறக்குறைய ஒரே மாதிரி. காலையில் வேகம், பத்து மணிக்குப் பிறகு தளர்வு, மத்தியானம் சாப்பாட்டு இடைவெளி, பின்னேரம் கொஞ்சம் உற்சாகம். ரஞ்சனி மட்டும் வேறு சாதி மனுஷி. அவளுக்குத் தளர்வு இல்லை. மத்தியானத்தில், மற்றவர்கள் எழும்பிப் போகிற அந்த நேரத்தில், அவளுடைய வேகம் கூடியது.

இதைக் கண்டதும் திலக் தன் கதிரையை என் பக்கம் இழுத்துக்கொண்டார். ரஞ்சனியின் படம் ஏற்கெனவே நடைவழிச் சுவரில், அந்த மாதத்தின் சிறந்த ஊழியர் என்று தொங்கிக்கொண்டிருந்தது. ஆறு புள்ளிகளுக்கும் ரஞ்சனியின் வேகத்தைக் கொடுத்து ஓட்டச் சொன்னார். ஓட்டினேன். வரிசை கரைந்து போனது. நாலு புள்ளிகளோடு ஓட்டினோம். அப்போதும் அவை இடையிடையே சும்மா இருந்தன. ஒரு ஆளின் வேகத்தை வைத்து மேசையை அளக்கக்கூடாது என்று சொல்லிப் பார்த்தேன். திலக் என் தோளில் தட்டிச் சிங்களத்தில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: “மச்சான், அவளுக்கும் ரெண்டு கை, மற்றவங்களுக்கும் ரெண்டு கை. மெஷினுக்கு அதை மட்டும் சொல்லு.”

ஒரு மத்தியானம்

அளவுக்கு மிஞ்சி நன்றாக இருக்கிற எண்ணை நம்பக்கூடாது என்பது எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம். ஒருநாள் மத்தியானம் ஒரு வேலையும் இல்லாதவன் போல அந்தப் பக்கம் நடந்தேன். ரஞ்சனியின் கதிரையில் நிஸ்மியா இருந்தாள். திரையில் ரஞ்சனியின் பெயர். பக்கத்தில் நிஸ்மியாவின் சொந்தத் திரை, சாப்பாட்டுக்குப் போயிருக்கிறேன் என்று காட்டிக்கொண்டிருந்தது. அவளுடைய சோற்றுப் பார்சல் கட்டு அவிழ்க்காமல் இருந்தது. சாப்பிடப் போகிற மற்றவர்களும் போகிற போக்கில் குனிந்து, ரஞ்சனியின் திரையில் ஒன்றிரண்டை முடித்துவிட்டுப் போனார்கள். மிகவும் பழகிய காரியம் போல, ஒருவரோடொருவர் கதைக்காமல் செய்தார்கள்.

பின்னேரம் நிஸ்மியாதான் படிக்கட்டில் வைத்து விபரம் சொன்னாள். ரஞ்சனியின் புருஷன் தெஹிவளையில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்பெலும்பு உடைந்து, களுபோவில ஆஸ்பத்திரியில் காலில் பாரம் கட்டிப் படுத்திருக்கிறான். எழும்ப முடியாது. வேறு ஆளிடம் பெட்பான் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு, மனைவி வரும்வரை அடக்கிக்கொண்டு கிடக்கிறான். மத்தியானம் பார்வையாளர் நேரத்துக்கு அவள் ஓட்டோ பிடித்துப் போய் வருகிறாள். அதற்கு லீவு கேட்டால், ஆள் குறைக்கிற காலத்தில், அவள் பெயர்தான் முதலில் அடிபடும். இன்னொருவரின் பெயரில் லொக்-இன் பண்ணுவது உடனே வீட்டுக்கு அனுப்புகிற குற்றம் என்பதும் மேசைக்குத் தெரியும். ஆகவே ரஞ்சனியின் எண்ணிக்கை குறைந்து யாருடைய கண்ணிலும் பட்டுவிடக்கூடாது என்று, சுலபமான விண்ணப்பங்களாகப் பொறுக்கி அவள் பெயரில் முடித்தார்கள். குறையக்கூடாது என்ற பயத்தில் கூட்டிவிட்டார்கள். அந்தக் கூட்டிய வேகத்தைத்தான் திலக் இப்போது அவர்கள் எல்லாருடைய கழுத்திலும் கட்டப் பார்க்கிறார்.

உண்மையைச் சொன்னால் முதலில் ரஞ்சனியும் நிஸ்மியாவும் போவார்கள். சொல்லாவிட்டால் மொடல் சொன்னபடி யாரோ இரண்டு பேர் போவார்கள். நான் இதைச் சொன்னதும் நிஸ்மியா பையைத் தோளில் மாட்டினாள். கீழே இறங்கப் போனவள் இரண்டாவது படியில் நின்று திரும்பினாள்: “நீங்க ஒண்டும் காணல்ல நானா. நானும் உங்களுக்கு ஒண்டும் சொல்லல்ல.”

விடுபட்ட பெயர்

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மற்ற எதனோடும் சேராமல் ஒரு எண் தனியாக நின்றால், அதை ஒதுக்கிவைத்துவிட்டுக் கணக்குப் பார்ப்போம். ரஞ்சனியின் பதிவை ஒதுக்கினேன். மற்ற ஐந்து பேரின் வேகத்தை வைத்து ஆறு கதிரைகளையும் ஓட்டினேன். வேலை நேரத்துக்கு முடிந்தது. ஒரு கதிரையை எடுத்தால் வரிசை நீண்டு, கிழமை முடிவில் அவுஸ்திரேலியாவிலிருந்து ஆட்கள் சத்தம் போடத் தொடங்குவார்கள் என்று தெரிந்தது. அதற்கு எந்தப் பொய்யும் தேவைப்படவில்லை. மொடல் முதன்முறையாக உண்மையான மேசையைப் போல இருந்தது.

திலக் அறிக்கையைப் பார்த்துவிட்டு எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினார். சிறந்த ஆளை எதற்காக விட்டாய் என்று கேட்டார். வழக்கத்தைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே நான் எதையோ திருடிவிட்டதுபோல இருந்தது. என் மேசையில் யார் யார் வந்து கதைக்கிறார்கள் என்று தான் கவனித்து வருவதாகச் சொன்னார். போட்டிக் கம்பனி ஒன்று ஆள் சேர்ப்பதாகக் கேள்விப்பட்டதாகவும் சொன்னார். பிறகு, சிரித்துக்கொண்டு: “கெட்டிக்காரியை ஒளிச்சு வைக்கிறாய் மச்சான். எந்தக் கம்பனிக்குக் கூட்டிக்கொண்டு போகப் போறாய்?”

யார் சொன்னது

ரஞ்சனியின் பதிவு கணக்கில் இல்லை என்ற செய்தி இரண்டே நாளில் மேசைக்கு வந்துவிட்டது. அவள் நேராக என்னிடம் வந்தாள். சுவரில் படம் போட்ட ஆளைக் கணக்கிலிருந்து மட்டும் எடுத்தது ஏன், அனுப்பப் போகிற ஆளை முதலில் கணக்கிலிருந்து எடுப்பதுதானா வழக்கம், தன் பெயரைத் திரும்பப் போடாவிட்டால் திலக்கிடமே போய் முறைப்பாடு செய்வேன் என்றாள். மூன்று மேசை தள்ளியிருப்பவர்களும் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கன்ரீனுக்கு வரச் சொன்னேன். தனியாகக் கூப்பிட்டது அவளுடைய சந்தேகத்தை உறுதிப்படுத்தியது.

அவளுடைய வேகம் கணக்கில் இருந்தால் மற்றவர்களும் அந்த வேகத்துக்கு வர வேண்டியிருக்கும், வர முடியாது, கதிரைகள் போகும் என்றேன். அப்போ நல்லா வேலை செய்றது தப்பா என்று கேட்டாள். வேறு வழி தெரியாமல், மத்தியானத்தைப் பற்றி எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டேன். பயப்பட வேண்டாம் என்பதற்காகச் சொன்னது. அவள் பிளேன்டிக் கோப்பையைக் கீழே வைத்தாள். நான் திலக்கிடம் சொன்னேனா என்று அவள் கேட்கவில்லை. தனக்கு என்ன நடக்கும் என்றும் கேட்கவில்லை. கேட்டது இது ஒன்றுதான்: “நிஸ்மியாவா சொன்னா?”

கூட்டம்

அதன்பிறகு அந்த மேசையில் மத்தியானம் வேறு மாதிரிப் போனது. ரஞ்சனி தன் கதிரையை விட்டு அசையவில்லை. நிஸ்மியா தன்னுடைய சோற்றைத் தன்னுடைய நேரத்தில், சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள். களுபோவில ஆஸ்பத்திரிக்கு ஒருவரும் போகவில்லை. ஒரு பெண் பிள்ளை மட்டும், ரஞ்சனியின் வேகம் இறங்குகிறது, மேலே பார்க்கப் போகிறார்கள் என்று எனக்குக் கேட்கும்படி முணுமுணுத்தாள்.

ஒப்பந்தக் கூட்டம் வீடியோவில் நடந்தது. மெல்பேனிலிருந்து வாடிக்கையாளர் கம்பனியின் அதிகாரி ஒரு பெண் பேசினார். என் அறிக்கையை நம்பாத திலக், தன் கட்சிக்குச் சாட்சியாக ரஞ்சனியையே கூட்டிக்கொண்டு வந்து கமராவுக்கு முன்னால் இருத்தியிருந்தார். இந்த வேகம் எப்படி வருகிறது என்று மேடத்துக்குச் சொல்லு, மற்றவர்களும் இப்படிச் செய்யலாம்தானே என்று எடுத்துக்கொடுத்தார். ஓம் என்றால் நாலு கதிரை. இல்லை என்றால் ஏன் என்று கேட்பார்கள். ரஞ்சனி என்னைப் பார்த்தாள், நான் மேசையைப் பார்த்தேன். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக வைத்தாள். அது நான் மட்டும் செய்தது இல்லை மேடம், எங்கள் மேசையில் எல்லாரும் சேர்ந்து செய்தது என்றாள்.

அதற்கு மேல் மறைக்க ஒன்றும் இல்லை. முழு உண்மையையும் சொல்லிவிட்டாள். திலக் கைதட்டினார். இதுதான் எங்கள் ஆட்களின் குணம், எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்றார். அறையில் இருந்த மற்ற அதிகாரிகளும் தட்டினார்கள். மெல்பேன் பெண் மட்டும் தட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ரஞ்சனியை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். பிறகு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்: “அப்படியென்றால் ஒருவரைத் தனியாக அளக்க முடியாது. ஆறு பேரும் இருக்கட்டும். ஆனால் இவர்கள் எப்படிச் சேர்ந்து செய்கிறார்கள் என்பதை நீங்கள் எனக்கு மொடலில் காட்ட வேண்டும்.”

நீண்ட சாப்பாட்டு நேரம்

காட்ட வேண்டியதை நான் காட்டவில்லை, காட்டக்கூடியதைக் காட்டினேன். நமக்கு மத்தியானம் என்றால் அவுஸ்திரேலியாவில் கந்தோர் மூடுகிற நேரம். புதிய விண்ணப்பங்கள் அப்போது குறைந்துவிடும். காலையில் கொஞ்சம் முன்னதாக வருகிறவர்கள், முறை வைத்து இரண்டிரண்டு பேராக, மத்தியானத்தில் நீண்ட இடைவெளி எடுக்கலாம் என்று மொடலில் ஓட்டிப் பார்த்தேன். வரிசை ஒரு அங்குலமும் நீளவில்லை. மற்றவர்கள் அந்த நேரத்தில் ஒருவருக்கொருவர் வேலையைப் பங்கிட்டுக்கொள்வதை, கூட்டுமுயற்சி என்று தலைப்பிட்டு மெல்பேனுக்கு அனுப்பினேன். செலவில்லாத காரியம் என்பதால் திலக்கும் சம்மதித்தார். அறிவித்தல் வந்தது.

முதல் நாள் மத்தியானம் என் திரையில் இரண்டு நீலப் புள்ளிகள் சொன்ன நேரத்துக்கு எழும்பிப் போயின. மேசையில் ஒருவரும் எழும்பவில்லை. யாருக்கு வேலை வேண்டாம் என்று கண்டுபிடிக்கத்தான் இந்தப் பொறி என்று அவர்கள் தீர்மானித்திருந்தார்கள். போகிறவர்களின் பெயரைக் குறிப்பீர்களா என்று ஒருவர் வந்து கேட்டுவிட்டுப் போனார். இல்லை என்றேன். அதை அவர் மேசையில் போய்ச் சொன்னபோது எல்லாரும் இன்னும் நெருங்கி இருந்துகொண்டார்கள். பார்வையாளர் நேரம் தொடங்கியிருந்தது. ரஞ்சனி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் ஒன்றும் அசையவில்லை.

கூட்டம் முடிந்து இத்தனை நாளாகியும் அவளோடு ஒரு வார்த்தை கதைக்காத நிஸ்மியா, முகத்தைத் திருப்பாமலே குனிந்து, மேசைக்குக் கீழே இருந்த ரஞ்சனியின் சாப்பாட்டுக் கரியரை எடுத்து அவளுடைய கீபோர்டுக்கு மேல் வைத்தாள். எழுத்துகள் தாறுமாறாக ஓடின. ரஞ்சனி கரியரைத் தூக்கினாள். கொஞ்ச நேரம் நிஸ்மியாவின் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு வாசலுக்குப் போகாமல், எல்லாரும் பார்க்க, நேராக என்னிடம் வந்தாள்: “அண்ணே, நான் அவருக்குச் சோறு கொண்டு போறேன். எழுதுறதா இருந்தா, இப்ப, என் கண்ணு முன்னாடியே எழுதிருங்க.”

கணக்குப் பிழைத்தால் மேலிடமும், கணக்குச் சரியாக வந்தால் மேசையும், இரண்டு பக்கமும் பேசாமல் இருந்தால் நானும் என்னைச் சந்தேகப்படுகிற இந்தத் தொழிலில், மத்தியான ஏற்பாடு ஒழுங்காக ஓடுகிறதென்று போன கிழமை திலக் என் கையைக் குலுக்கிப் பாராட்டியதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக வருவதில்லை.